பெட்டிக்கு எழுதிய குணம்

லாவ் பெலின்,
ஆகஸ்ட் 4, 2025

குசினி அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிற பேசும் பெட்டிக்கு,

இனிமேல் உன்னிடம் வாயால் பேசுவதாக இல்லை. இங்கே உன் காதுக்குள் போவது ஒன்று, மேடான் நகரத்தில் மருமகள் கைப்பேசி வழியாக வெளியே வருவது வேறொன்று என்று நேற்றுத்தான் தெரிந்தது. அதனால் தாளில் எழுதச் சொல்லி, கோஸ் ஏற்றிப்போகிற லாரியில் அனுப்புகிறேன். எழுதுகிறவன் என் தங்கை புருஷன் நெம்பெல். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் காதில் விழுந்தது எதுவும் மறக்காது. நெம்பெலுக்கு எழுத்து தெரியும், காலையில் என்ன தின்றான் என்பது மறந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள். உன்னைப் போல ஒரு லாரி பெட்டிகள் சேர்ந்தாலும் அரை ஆள் இல்லை.

உன்னைச் செய்தவர்களுக்கு இந்தக் கரோ மலையின் நடப்பு எதுவும் தெரிந்திருக்காது. கேட்டுக்கொள். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசக் கூடாது. ஒரே பாயில் உட்காரக் கூடாது. இதற்கு ரெபு என்று பேர். பேசியே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஒரு பொருளாவது வேண்டும். "பாயே, சோறு வெந்துச்சான்னு கேளு" என்று நான் பாயிடம் சொல்வேன். "பாயே, இன்னும் இல்லன்னு சொல்லு" என்று அவளும் பாயிடம்தான் சொல்வாள். என் மகன் ரோபென் இருந்தவரை அவன் நடுவில் நின்றான். அவன் லாரி மலைப்பாதை வளைவில் கவிழ்ந்த பிறகு பாயும் தூணும் நின்றன. பிறகு அவள் மகள் உலினாவைக் கூட்டிக்கொண்டு மேடானில் வேலைக்குப் போனாள். போனவள் நடுவில் நிற்க உன்னை அனுப்பினாள். "இதுவும் ஒரு பொருள்தானே, ரெபு கெடாது" என்று நெம்பெல் சொன்னான். நானும் ஒத்துக்கொண்டேன். பாய் பதிலுக்கு வாய் திறக்காது என்பதுதான் பாயின் நல்ல குணம். அதை அப்போது யோசிக்கவில்லை.

நேற்று ஒரு வேன் வந்து நின்றது. தாரிகன் குலத்து ஆட்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் தலைக்கு மை அடித்திருந்தான். மேடேறி வந்த வேர்வையில் அந்த மை காதோரம் வழிந்து கழுத்துப்பட்டியில் சொட்டியிருந்தது. நேராக வந்து என் பாயில் உட்கார்ந்து, வெற்றிலைப் பையைப் பிரித்து என் முன்னால் வைத்தார்கள்.

"யாருப்பா நீங்க? கோஸ் வாங்க வந்தீங்களா? கோஸ் தோட்டத்துல இருக்கு" என்றேன்.

"என்ன மாமா, விளையாடுறீங்க? உங்க மருமகளத் தம்பிக்குக் கேட்டு வந்திருக்கோம். நீங்கதான வரச் சொன்னீங்க" என்றான் மை அடித்தவனுடைய அண்ணன்.

"நானா?"

"மனசு நெகிழ்ந்து சொன்னீங்களாமே, மாமா!"

மனசு நெகிழ்ந்து! இந்த மலையில் நான் நெகிழ்ந்ததைப் பார்த்தவன் எவனும் இல்லை. சினாபுங் மலை வெடித்துச் சாம்பல் விழுந்தபோதுகூடத் தோட்டத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுத்தான் ஓடினேன். ஓரத்தைப் பிடித்துப் பாயைச் சுருட்டத் தொடங்கினேன். அவர்கள் எழுந்திருக்கட்டும் என்று நிற்கவில்லை. அண்ணன்காரன் உருண்டு கதவு வரைக்கும் போனான்.

நீ தாரிகன் பேச்சை எடுத்த அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "முடியாது. அந்தத் தாரிகன் இந்த வாசல்ல கால் வெச்சா வெந்நியத் தூக்கி ஊத்துவேன். போய்ச் சொல்லு." நீ "சரிங்கப்பா" என்றாய். எங்கே போய் என்னத்தைச் சொன்னாய்?

இந்த வீட்டுக்கு வந்த பெண் இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால், இந்த வீடு சோறு போட்டு வார்த்தை கொடுத்து அனுப்ப வேண்டும். அந்த வார்த்தை என்னுடையது. அதை எடுத்துக் கண்டவனுக்குக் கொடுக்க உனக்கு யார் உத்தரவு கொடுத்தது? உன் வயிற்றுக்குள் என்ன எழுதி வைத்திருக்கிறாளோ, அதை எழுதியவளே தாளில் இறக்கி அனுப்பட்டும்.

சொன்னது: உலினாவின் தாத்தா
எழுதியது: நெம்பெல்


மேடான்,
ஆகஸ்ட் 9

மாமனார் வீட்டு அடுப்புக்கு,

பெட்டிக்குக் கடிதம் வந்தது. பெட்டி படிக்காது என்பதால் நானே படித்தேன். பதிலை உன்னிடம் சொல்கிறேன். அந்த வீட்டில் சூடு தாங்கிப் பழக்கமுள்ளது நீ ஒன்றுதான்.

வந்தவர்கள் மரியாதையான குடும்பம். அண்ணன்காரருக்கு இடுப்பில் அடி. இன்னும் சாய்ந்துதான் உட்காருகிறார். அவர் வயதுக்குப் பாயோடு சேர்த்து உருட்டிவிடலாமா என்று உன் வீட்டுக்காரரைக் கேள். அவர் சிரித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். சிரிக்கவில்லை என்று அவர் சொன்னால் நீ நம்பாதே.

நான் ஒரு தடவை கேட்டுவிட்டுத் துள்ளவில்லை. பெட்டியிடம் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அது சொன்னது இதுதான்: "அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனா உங்க நிலைமை அவருக்குப் புரியுது. வந்து பேசட்டும்னு நினைக்கிறார்." நான் அழுதேன் அடுப்பே. அந்த மனிதருக்காக, போயும் போயும் அந்த மனிதருக்காக!

பெட்டியின் வயிற்றில் இருப்பதைக் கேட்கிறார். என் பிழைப்பே அதுதான் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. ஏரிக்கரை விடுதி, மோட்டார் சைக்கிள் கடை, பல் வைத்தியர் என்று ஒவ்வொருவரும் வருகிறவர்களிடம் பேசப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி எப்படிப் பேச வேண்டும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று குணமும் உத்தரவும் எழுதிக் கொடுப்பது என் வேலை. பல் வைத்தியர் வந்து "வலிக்காதுன்னு சொல்லணும், ஆனா பொய் சொல்லக் கூடாது" என்றார். அதற்கே எழுதிக் கொடுத்தேன். உன் வீட்டுக்காரரைச் சமாளிக்க எழுதியதுதான் என் வாழ்க்கையிலேயே சிரமமான வேலை. அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை.

ஏன் நெம்பெல் மாமாவையே நடுவில் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். நெம்பெல் மாமாவிடம் சொன்னால் அது காபிக் கடைக்கு முதலில் போய், அங்கே சதுரங்கம் ஆடுகிறவர்கள் எல்லாரும் கருத்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வரும். (மாமா, இதையும் படித்துக் காட்டுங்கள். விட்டுவிடாதீர்கள்.)

இதோ, எழுதியது எழுதியபடி:

"நீ ஒரு வீட்டின் நடுவில் நிற்பவன். இருவரில் ஒருவர் உன் அப்பா. அவரை அப்பா என்றே கூப்பிடு. எந்தச் சேதியையும் எடுத்த எடுப்பில் சொல்லாதே. முதலில் சாப்பிட்டாரா என்று கேள், கொஞ்சம் கிண்டலாகக் கேள். அவர் திட்டினால் சிரி. திட்டு உனக்கில்லை என்று நினைத்துக்கொள். இரண்டு பக்கத்து வார்த்தையிலும் முள்ளை எடுத்துவிட்டுக் கறியை மட்டும் கொண்டு போ. யாராவது பேசாமல் இருந்தால், அவர்கள் சொல்ல நினைத்த நல்ல வார்த்தை எதுவோ அதைச் சொல். இந்த இருவரும் உன்னால் ஒருநாளும் சண்டை போடக் கூடாது."

இதில் என்ன குறை என்று கேட்டுச் சொல். நாகரிகமான மனிதர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

உலினாவின் அம்மா


லாவ் பெலின்,
ஆகஸ்ட் 14

பெட்டிக்கு,

உன் குணத்தைக் காபிக் கடையில் வைத்து நெம்பெல் உரக்கப் படித்தான். முள்ளு, கறி என்ற இடம் வந்ததும் சதுரங்கம் நின்றுபோனது. ஆடிக்கொண்டிருந்த சாலம் குதிரையைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே சிரித்தான். "மாமா, இந்தத் தாளை உங்க நெத்தியில ஒட்டிட்டா ஊருக்கே நிம்மதி" என்றான். அவன் கோட்டை மூலையில் மாட்டியிருந்ததை அதுவரை நான் சொல்லாமல் இருந்தேன். அப்புறம் அவன் எதிராளியிடம் சொன்னேன்.

இப்போது ஒவ்வொன்றாகக் கேள்.

முள்ளை எடுத்துவிட்டுக் கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள். யார் கேட்டது? எனக்குப் பல் குறைந்திருக்கலாம். மீனில் எது முள், எது கறி என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது முழுக்கவே முள். அதில் நீ எடுத்துப்போன கறி எந்த மீனுடையது?

பேசாமல் இருந்தால் அவர்கள் நினைத்த நல்ல வார்த்தையைச் சொல் என்கிறாள். அன்றைக்கு நீ தாரிகன் பேச்சை எடுத்தபோது நான் பேசாமல் இருந்தேன். ஏன் என்றால் வாயில் சூடான சேப்பங்கிழங்கு இருந்தது. அதை விழுங்கிவிட்டுத்தான் முடியாது என்றேன். கிழங்கு இருந்த நேரத்தை எடுத்துச் சம்மதம் என்று விற்றிருக்கிறாய்.

திட்டினால் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். சிரித்தாய். நான் உன்னைக் குரங்கு மூத்திரம் என்றேன், அதற்கும் சிரித்தாய். திட்டு வாங்கத் தெரியாதவனிடம் திட்டி என்ன பயன்? ஓடையில் கல் போடுவது மாதிரி.

நாகரிகமான மனிதர்கள் இப்படிப் பேசிக்கொள்கிறார்களாம். அதனால்தான் அவர்களுக்குப் பல் வைத்தியர் வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். இன்னொன்று கேட்கிறேன். இதைக் கடையில் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நெம்பெலை உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன்.

சாப்பிட்டாரா என்று கிண்டலாகக் கேள் என்று மட்டும்தான் தாளில் இருக்கிறது. ஆனால் நீ தினமும் காலையில் என்ன கேட்கிறாய்? "அப்பா, சோறு சாப்பிட்டீங்களா, இல்ல இன்னிக்கும் கோபத்தையே சாப்பிட்டீங்களா?" அந்த வார்த்தை ஒரு ஆள் வாயில்தான் இருந்தது. அவனும் குசினிக்குள் தலையை மட்டும் நீட்டித்தான் கேட்பான். அது உனக்கு எப்படிக் கிடைத்தது? தாளில் இறக்காமல் அவள் ஒளித்து வைத்திருப்பது என்ன?

செத்துப்போனவனின் சட்டையைச் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போடுகிறவர்கள் உண்டு. அவன் நாக்கை எடுத்துப் பொம்மைக்கு வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவன் ஒருநாளும் நீ செய்ததைச் செய்யவில்லை. அவள் சொன்னதை என்னிடமும் நான் சொன்னதை அவளிடமும் உள்ளபடி கொண்டுவந்தான். அவள் வந்த புதிதில் நான் இருமியதைக் கேட்டு, "அப்பா, அவ உங்க நெஞ்ச நெனச்சு பயப்படுறா. நேத்து நீங்க இருமினப்ப குசினில நின்னு அழுதுட்டா" என்றான். அன்றைக்கே சுருட்டை விட்டேன். இன்றுவரை தொடவில்லை. அவன் கொண்டுவந்தது அந்த மாதிரிச் சேதி. உனக்கும் அவனுக்கும் என்ன ஒட்டு?

தாரிகனுக்கு என் பதில் முன்பு சொன்னதுதான். வெந்நீர்.

உலினாவின் தாத்தா, நெம்பெல் கையால்


மேடான்,
ஆகஸ்ட் 20

அடுப்புக்கு,

ஆமாம். அது அவர் மகன்தான்.

பல் வைத்தியருக்கு எழுதும்போது பல் வைத்தியர் வந்து எதிரில் உட்கார்ந்தார். இந்தப் பெட்டிக்கு எழுதும்போது யாரை உட்காரவைப்பேன்? அந்த வீட்டில் நடுவில் நின்றதென்று எனக்குத் தெரிந்தது ஒரே ஆள். அவர் எப்படித் தலையை நீட்டுவார், எப்போது சிரிப்பார், அப்பாவிடம் எதை எந்தச் சந்தில் நுழைப்பார் என்று ஞாபகம் வந்ததை எல்லாம் வரிசையாக எழுதினேன். அனுப்பிய தாளில் அந்தப் பகுதியை இறக்கவில்லை. காபிக் கடையில் அவர் பேச்சை நெம்பெல் மாமா உரக்கப் படிக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதை ஒளித்தது என்று சொன்னால் ஒளித்ததுதான். பொம்மைக்கு நாக்கு வைத்ததென்று சொன்னால், வைத்தேன். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் அதைக் கேட்டுக்கொண்டு ஏன் பெட்டியின் கம்பியைப் பிடுங்கவில்லை என்று உன் வீட்டுக்காரரைக் கேள்.

ஆனால் அடுப்பே, அந்தக் கடிதத்தில் ஒரு இடம். அதைப் படித்துவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். திரும்பப் படித்தேன்.

நான் குசினியில் நின்று அழுதேனாம். அவர் நெஞ்சை நினைத்து.

நான் அழவில்லை. நான் என் புருஷனிடம் சொன்னது இது: "உங்கப்பாவோட சுருட்டு நாத்தம் செத்த எலி மாதிரி வீடு பூரா அடிக்குது. ஒண்ணு அது போகணும், இல்ல நான் போகணும்." அதற்கு அவர், "சரி, சொல்லிப் பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். சுருட்டு நின்றுவிட்டது. கிழவர் என் மிரட்டலுக்குப் பயந்துவிட்டார் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அதனால் இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கல்யாணமான முதல் வருஷம் நான் பை கட்டி வைத்திருந்தேன். அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று. அன்று சாயங்காலம் அவர் மகன் வந்து சொன்னார்: "அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? எங்கம்மா போனப்புறம் இந்த வீடு வெறிச்சுன்னு கெடந்துச்சாம். நீ வந்தப்புறம்தான் ஆள் நடமாட்டம் வந்து வீடு வீடா இருக்குதாம்." நான் பையை அவிழ்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தக் குளிரில், அந்த மனிதருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

அவர் அதைச் சொன்னாரா?

அவருக்கு மறதியே கிடையாதே. கேட்டுச் சொல்.

உலினாவின் அம்மா


லாவ் பெலின்,
ஆகஸ்ட் 23

பெட்டிக்கு,

சொல்லவில்லை.

நான் சொன்னது: "இவ வந்ததுலேருந்து என் வீட்டுல எனக்கே உக்கார எடமில்ல. ஊர்ப் பொம்பளைங்க பூரா இவ குசினிலதான். சந்தைகூட இப்படி இரையாது. கொஞ்ச நாளைக்கு அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விடு, நான் தூங்கணும்." ஆரஞ்சுக்கு மருந்தடித்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ரோபென் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "சரிங்கப்பா, சொல்றேன்" என்றான். அவன் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. ஏன் சிரித்தான் என்று இப்போதுதான் தெரிகிறது.

செத்த எலியாமே. நல்ல சுருட்டு அது.

நெம்பெல் மேலே எதையோ எழுதப்பார்க்கிறான். இவ்வளவுதான்.


மேடான்,
ஆகஸ்ட் 26

அடுப்புக்கு,

நல்லது. இப்போது எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

அவர் சொன்னது அப்படியே என் காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். உலினா பிறந்திருக்க மாட்டாள். நான் சொன்னது அப்படியே அவர் காதில் விழுந்திருந்தால் எனக்கு முன்னாலேயே இன்னும் இரண்டு சுருட்டு பற்றவைத்திருப்பார். பொய்யைத் தவிர வேறொன்றும் சுமக்காத ஆளை நடுவில் வைத்துக்கொண்டு நாம் ஒரு குடும்பம் நடத்தியிருக்கிறோம். அதே ஆளை நான் திரும்பப் பெட்டியில் எழுதி வைத்தேன். எழுதும்போது அது அவர் குணம் என்றுதான் நினைத்தேன். அவர் தொழிலே அதுதான் என்று தெரியவில்லை.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் மகனுக்கு எந்த வார்த்தையை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் அண்ணன்காரர் இடுப்பில் போய் முடிந்தது. இதை மட்டும் உன் வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொள்கிறேன், வேறெதையும் இல்லை.

தாரிகனைப் பற்றி. அவர் தலைக்கு மை அடிக்கிறார்தான். வேண்டாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மற்றபடி, நான் பேசும்போது கேட்கிறார். அது எனக்குப் புதிதாக இருக்கிறது.

இங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு போய்விடலாம் என்று என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். யாரும் தடுக்க முடியாது. அப்படிப் போனால் அந்த வீட்டுக்கு நான் ஓடிப்போனவள். உலினா ஓடிப்போனவள் மகள். விடுமுறைக்கு வந்தால் எந்தப் பாயில் உட்காருவாள்? அதற்காகத்தான் கேட்கிறேன். அதற்காக மட்டும்தான் ஒரு அடுப்பிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

ஊர்த் திருவிழா முடிந்த சனிக்கிழமை அவர்கள் திரும்ப வருவதாக இருக்கிறார்கள். அண்ணன்காரரும் வருவார். அவருக்கு அசட்டுத் துணிச்சல்.

பெட்டியிலிருந்து பழைய குணத்தை எடுத்துவிடப் போகிறேன். இந்த முறை உன் வீட்டுக்காரரே எழுதட்டும். என்ன சொல்கிறாரோ அதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் போடுகிறேன். மற்றவர்கள் எழுதியதைப் பழிப்பது சுலபம். ஒரு குணத்தை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் தெரியும்.

உலினாவின் அம்மா


லாவ் பெலின்,
செப்டம்பர் 2

பெட்டிக்கு,

உன் குணத்தை நான் எழுதுகிறேன். பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் மேடானில். நாய்க்குட்டிக்குச் சொல்லத் தெரிந்தவனுக்கு உனக்குச் சொல்லத் தெரியாதா?

உனக்குக் குணம் வேண்டாம். குணம் உள்ளவர்கள் இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே அதிகம்.

சொன்னதைச் சொன்னபடி கொண்டு போ. முள்ளோடு கொண்டு போ. தொண்டையில் குத்தினால் அவரவர் துப்பிக்கொள்வார்கள்.

முடியாது என்றால் முடியாது என்று சொல். "யோசிக்கிறார்" என்று சொல்லாதே. நான் யோசிப்பதை உன்னிடம் சொல்வதில்லை.

வாயில் கிழங்கு இருந்தால் கிழங்கு இருக்கிறது என்று சொல்.

அவள் கத்தினால் கத்துகிறாள் என்று சொல். எவ்வளவு உரக்க என்றும் சொல். எனக்குக் காது மந்தம், குறைத்துச் சொன்னால் விளங்காது.

யாருக்காகவும் மன்னிப்புக் கேட்காதே. அதற்கெல்லாம் நீ யார்?

சிரிக்காதே.

நெம்பெல் இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு, "மச்சான், இப்படி ஒரு பெட்டி இருந்தா இந்த வீட்டுல ரெண்டு நாள்ல கொலை விழும்" என்றான்.

"விழட்டும். அதையும் உள்ளபடி சொல்லச் சொல்லு" என்றேன்.

இப்போது உன்னைச் சோதித்துப் பார்க்க ஒரு சேதி தருகிறேன். மேடானில் இருக்கிறவளிடம் கொண்டு போ.

அந்தத் தாரிகன் மூஞ்சி வேகவைத்த சௌசௌ மாதிரி இருக்கிறது. தலை மைக்கும் அவன் வயதுக்கும் சம்பந்தம் இல்லை. அண்ணன்காரன் அவனுக்கு மேல். நான் சிரித்தேனா என்று கேட்டிருக்கிறாள். சிரித்தேன். அவன் கதவில் போய் நின்றபோது.

என் மகன் உள்ளபடி கொண்டுவந்தான் என்று எழுதச் சொன்னேன். அதை அடித்துவிடு. அவன் பொய்யன். சொந்த அப்பனை ஏமாற்றிச் சுருட்டை விடவைத்தவன். இங்கே இருந்தால் இந்நேரம் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அவனும் சிரித்திருப்பான்.

அன்றைக்கு நான் சொல்லாத வார்த்தைக்காக ஒருத்தி பையை அவிழ்த்து இந்த வீட்டில் இருந்தாள். எனக்கு அதில் வெட்கமாக இருக்கிறது. நான் கொடுக்காததை வாங்கிக்கொண்டு எனக்கு இருபது வருஷம் சோறு போட்டிருக்கிறாள். இந்த முறை போகிறவள் நான் சொன்ன வார்த்தையோடு போகட்டும்.

அதனால், திருவிழா முடிந்த சனிக்கிழமை வரச் சொல். பாயை விரிப்பேன். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி எழுந்திருக்கும்வரை சுருட்ட மாட்டேன். என் தங்கை வந்து கோழியும் சோளமாவும் போட்டுக் குழம்பு வைப்பாள். உப்பு குறைந்தால் வாயை மூடிக்கொண்டு தின்ன வேண்டும். நான் சிரித்துப் பேசுவேன் என்று யாரிடமும் சொல்லாதே. வெற்றிலையை எடுப்பேன். அவ்வளவுதான்.

உலினா இந்த வீட்டுப் பெண். அவள் அம்மா எங்கே போனாலும் அது மாறாது. ஆரஞ்சு பறிக்க உலினா வர வேண்டும். வராவிட்டால் நானே மேடானுக்கு வந்து தாரிகன் வீட்டுப் பாயைச் சுருட்டுவேன்.

மருமகளிடம் "போ" என்று சொல்.

"போயிட்டு வான்னு எழுதட்டுமா மச்சான்?" என்கிறான் நெம்பெல்.

நான் சொன்னது போ. வருவதும் வராததும் அவள் இஷ்டம். அவன் என்ன எழுதுகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுத்து தெரியாதவனாகப் பிறந்தால் கடைசிவரை எவனையாவது நம்பித்தான் ஆகவேண்டும்.

(போ என்றுதான் எழுதியிருக்கிறேன். – நெம்பெல்)

இன்னும் ஒன்று. பழைய குணத்தை எடுக்கப் போவதாக அவள் எழுதியிருந்தாள். எடுக்கட்டும். அந்த முள், கறி, நல்ல வார்த்தை எல்லாம் குப்பையில் போகட்டும். காலையில் நீ கேட்கிறாயே, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவைக்கச் சொல். அது யாரிடமும் கொண்டுபோகிற சேதி இல்லை. என்னிடம் கேட்டால் போதும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதே. அவன் கேட்டபோதே நான் பதில் சொன்னதில்லை.

சொன்னது: ரோபெனின் அப்பா
எழுதியது: நெம்பெல்